பெயர் இருக்கிறது, சரி. எந்த வரியில்?

2024 ஜனவரி 4, வியாழக்கிழமை காலை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொங்கலுக்கு யார் யார் ஊருக்கு வருகிறார்கள், யாருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் சித்தப்பா மகன் ஒரு பட்டியலை இறக்கினான். ‘எப்ஸ்டீன் லிஸ்ட் வந்துடுச்சு’ என்று தலைப்பு, கீழே நூற்றைம்பதுக்கும் மேல் பெயர்கள், பாதி ஹாலிவுட், கொஞ்சம் அரசியல், நடுவில் ஸ்டீபன் ஹாக்கிங். பெரியம்மா உடனே கேட்டார்: “அந்த வீல்சேர் விஞ்ஞானியா? அவருமா?” யாரும் பதில் சொல்லவில்லை. வாய்பிளந்த பொம்மை நாலைந்து வந்தது, அவ்வளவுதான்.

ஹாக்கிங் பெயர், அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அப்போது திறந்துவிட்ட எப்ஸ்டீன் ஆவணங்களில் உண்டா என்றால், உண்டு. ஆனால் அது எந்தக் காகிதத்தில், யார் எழுதிய வரியில், எதற்காக வந்தது என்று பார்த்தால் கதையே வேறு. அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பிடிஎஃப்-ஐ இறக்கிப் படிக்க ஆரம்பித்தேன், மணி இரண்டரை ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் இந்த விவகாரத்தை விடாமல் பார்த்து வருகிறேன். என்ன நடந்தது, எந்தப் பெயர் எப்படி உள்ளே வந்தது என்பதைக் கொஞ்சம் விலாவாரியாக எழுதுகிறேன்.

முதலில் வழக்கு. பலர் நினைப்பதுபோல 2024-ல் வெளிவந்தது எஃப்பிஐ கோப்பு கிடையாது. அது ஓர் அவதூறு வழக்கின் காகிதக்கட்டு. ஜெஃப்ரி எப்ஸ்டீன் நியூயார்க்கிலும் புளோரிடாவின் பாம் பீச்சிலும் மாளிகை வைத்திருந்த பணக்காரர். 2008-ல் சிறுமியைப் பாலியல் தொழிலுக்கு நாடியது உள்ளிட்ட மாநிலக் குற்றங்களை ஒப்புக்கொண்டு, சுமார் 13 மாதம் மட்டும் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். அவரால் பாதிக்கப்பட்டதாகப் பொதுவெளியில் பேசியவர் வர்ஜீனியா ஜூஃப்ரே. அவர் சொல்வதெல்லாம் பொய் என்று எப்ஸ்டீனின் கூட்டாளி கிலேன் மேக்ஸ்வெல் 2015 ஜனவரியில் அறிக்கை விட, அதே ஆண்டு செப்டம்பரில் ஜூஃப்ரே நியூயார்க் தெற்கு மாவட்ட கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டார். 2017 மே மாதம் சமரசமாகி வழக்கு முடிந்தது.

காகிதம் மிச்சமிருந்தது. அன்றைய நீதிபதி ராபர்ட் ஸ்வீட் காலத்தில் 167 ஆவணங்கள், அதாவது வழக்குக் கட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சீல் வைத்து மூடப்பட்டிருந்தன. அதைத் திறக்கச் சொல்லிக் கேட்டவர்களில் முக்கியமானது மயாமி ஹெரால்ட் பத்திரிகையும் அதன் நிருபர் ஜூலி கே. பிரவுனும். 2018 நவம்பரில் எப்ஸ்டீன் விவகாரத்தை மறுபடி தோண்டி எடுத்தவர் அவர்தான். 2019 ஜூலை 3 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் திறக்கலாம் என்றது. ஜூலை 6 எப்ஸ்டீன் கைதானார். ஆகஸ்ட் 9 முதல் தொகுதி, கிட்டத்தட்ட 2,000 பக்கம், வெளியே வந்தது. மறுநாள் காலை எப்ஸ்டீன் மன்ஹாட்டன் சிறையில் பிணமாகக் கிடந்தார். இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும், அந்தச் சந்தேகத்திலிருந்துதான் பாதி வதந்தியும் முளைத்தது. அதற்குள் நான் போகவில்லை.

அந்த 2019 தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹோசே கப்ரானஸ், திறங்கள் என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தவில்லை. வழக்கில் தாக்கலாகும் காகிதத்தில் யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், வெளியே சொன்னால் அவதூறு வழக்கு பாயும் ஒரு விஷயத்தை மனுவுக்குள் எழுதினால் பாயாது, ஆகவே நீதிமன்றத்திலிருந்து வந்த காகிதம் என்பதாலேயே அதில் இருப்பது உண்மையாகிவிடாது, பத்திரிகைகள் அடக்கி வாசியுங்கள், பொதுமக்கள் பகுத்தறிந்து படியுங்கள் என்கிற தொனியில் எச்சரித்திருந்தார். தீர்ப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அதுதான். யாரும் ஃபார்வர்ட் பண்ணாத பகுதியும் அதுதான்.

ஸ்வீட் 2019 மார்ச்சில் காலமாகிவிட, மிச்சக் கட்டு லொரெட்டா பிரெஸ்கா என்ற நீதிபதியிடம் வந்தது. அவர் செய்த வேலை சலிப்பூட்டும் வேலை, ஆனால் சரியான வேலை. வழக்கின் தரப்பினர் அல்லாமல் காகிதத்தில் பெயர் அடிபடும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். ஜே. டோ 1, ஜே. டோ 2 என்று. நம் ஊரில் குப்பன், சுப்பன் என்கிறோமே, அந்த மாதிரி அமெரிக்க நீதிமன்றத்தில் பெயர் சொல்லக்கூடாத ஆளுக்கு டோ. அவர்களுக்குத் தகவல் போகும், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம், பிறகு எண் எண்ணாகப் பார்த்து நீதிபதி முடிவெடுப்பார். 2023 டிசம்பர் 18 அன்று 150-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி ஒரே உத்தரவு போட்டார். மேல்முறையீட்டுக்கு 14 நாள் அவகாசம். அது முடிந்ததும் ஜனவரி 3 மாலை முதல் தொகுதி வந்தது: 40 ஆவணங்கள், 943 பக்கங்கள்.

அந்த உத்தரவை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை, நான் படித்தபோது ஒரு நிமிடம் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். ஒவ்வொரு டோவுக்கும் எதிரே ஏன் பெயரைத் திறக்கிறோம் என்று ஓரிரு வரிக் காரணம். இவர் ஏற்கனவே பேட்டி கொடுத்திருக்கிறார். இவர் பெயர் மேக்ஸ்வெல் மீதான குற்ற வழக்கிலேயே வந்துவிட்டது. இவர் ஆட்சேபிக்கவில்லை. இவரைப் பற்றிய விஷயத்தில் அசிங்கமாக ஒன்றுமில்லை. இந்தக் கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். பல பெயர்கள் வெளியே வந்ததற்குக் காரணமே அவை சும்மா போகிற போக்கில் வந்த பெயர்கள், திறந்தால் யாருக்கும் பெரிய பாதகமில்லை என்று நீதிமன்றம் கருதியதுதான். மூடியே வைத்தவை, சிறுமிகளாக இருந்தபோது பாதிக்கப்பட்டு இன்றுவரை தங்களை வெளிக்காட்டிக்கொள்ளாதவர்களின் பெயர்கள். ஊர் இதை அப்படியே திருப்பிப் படித்தது. வெளியே வந்துவிட்டதா, அப்படியானால் ஏதோ செய்திருக்கிறார்.

பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இந்த ஆவணங்களைப் படித்தால் அந்த மரத்தடியில் நாலு விதமான ஆட்கள் தெரிகிறார்கள். கள் குடித்தவர்கள் என்று சாட்சி நேரடியாகச் சொல்பவர்கள் சிலர். பால் குடித்தவர்கள் சிலர். மரத்தடியில் நின்று என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் சிலர். அப்புறம், பனைமரத்தையே பார்த்திராதவர்கள். கடைசி வகைதான் எனக்கு வியப்பு, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2016 மே மாதம் ஒரு பெண் சாட்சி கொடுத்த வாக்குமூலம். (பெயர் எல்லாச் செய்தியிலும் வந்துவிட்டது, இருந்தாலும் நான் எழுதவில்லை.) அமெரிக்க சிவில் வழக்குகளில் விசாரணைக்கு முன்பே இரு தரப்பு வக்கீல்களும் ஓர் அறையில் உட்கார்ந்து சாட்சியைக் கேள்வி கேட்பார்கள். நீதிபதி இருக்க மாட்டார். சுருக்கெழுத்தர் ஒருவர் எல்லாவற்றையும் பதிவு செய்வார், பெரும்பாலும் வீடியோவும் ஓடும். எதிர்த் தரப்பு வக்கீல் “ஆட்சேபிக்கிறேன்” என்பார், அதுவும் பதிவாகும், சாட்சி பதிலும் சொல்லிவிடுவார். ஆகவே கேள்விக்கு ஏறத்தாழ எல்லையே கிடையாது. இந்தப் பெண்ணிடம், நீங்கள் சொன்னதாகப் பத்திரிகையில் வந்ததே என்று வக்கீல் கேட்கிறார். கேட் பிளாஞ்செட்டைச் சந்தித்தீர்களா, லியனார்டோ டிகாப்ரியோவைச் சந்தித்தீர்களா. இல்லை, சந்திக்கவில்லை என்கிறார் சாட்சி. பின்னே ஏன் அந்தப் பேச்சு வந்தது? எப்ஸ்டீனுக்கு மசாஜ் செய்யும்போது அவர் அடிக்கடி போனில் இருப்பாராம், போனை வைத்துவிட்டு, இப்போ பேசினது லியனார்டோ, இது கேட் பிளாஞ்செட், புரூஸ் வில்லிஸ் என்று சொல்லுவாராம். ஆக, பெரிய ஆட்களின் பெயரைச் சொல்லிப் பீற்றிக்கொண்டார், அப்படித்தானே என்று வக்கீல் கேட்கிறார். ஆமாம். கேமரூன் டயஸ்? இல்லை.

அவ்வளவுதான். மொத்தமே சில வரிகள். இதில் அந்த நடிகர்கள் எங்கே இருக்கிறார்கள்? மறுமுனையில் உண்மையிலேயே அவர்கள்தான் பேசினார்களா என்பதுகூட எப்ஸ்டீன் வாயால் வந்தது மட்டும்தான். நம் ஊரிலும் எல்லாத் தெருவிலும் ஒருத்தர் இருப்பார், ‘கலெக்டர் நம்ம ஆளுதான், நேத்துகூட பேசினார்’ என்பார். அவர் ஒரு மோசடியில் மாட்டி, அந்தப் பேச்சைக் கேட்ட டீக்கடைக்காரர் போலீசில் சொல்லி, அது காகிதத்தில் ஏறினால் கலெக்டர் பெயர் கோப்பில் வந்துவிடும். கலெக்டருக்கு இந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் தேடுபொறிக்கு இது தெரியாது. கண்ட்ரோல் எஃப் தட்டினால் டிகாப்ரியோ கிடைக்கும். ‘ஆம்’ என்ற பதிலின் பக்கத்தில் இருக்கும் பெயருக்கும் ‘இல்லை’ என்ற பதிலின் பக்கத்தில் இருக்கும் பெயருக்கும் ஒரே மஞ்சள் நிறம்தான் பூசும். இதில் இன்னொரு வேடிக்கை, கணினித் தேடலுக்கு முன்பே இந்த வாக்குமூலங்களுக்குள் ஒரு கண்ட்ரோல் எஃப் உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் சில தாள்களைப் பாருங்கள், பொடி எழுத்தில் பத்தி பத்தியாக வாக்குமூலத்தில் வந்த சொற்கள் அகரவரிசையில், எதிரே பக்கமும் வரியும் முக்காற்புள்ளி போட்டு. சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு போடுவார்களே, அதே வேலை. வக்கீல்கள் சட்டென்று புரட்டிப் பார்க்கச் செய்யும் வசதி.

இந்தச் சொல்லடைவு 2020-ல் ஒரு காரியம் செய்தது. மேக்ஸ்வெல்லின் 2016 ஏப்ரல் வாக்குமூலம், 418 பக்கம், அந்த ஆண்டு அக்டோபரில் வெளியானது. வேண்டாத பெயர்களைக் கருப்பு மை பூசி மறைத்திருந்தார்கள், ஆனால் பின்னால் இருந்த சொல்லடைவை அப்படியே விட்டுவிட்டார்கள், அங்கும் பெயர்மேல் மட்டும் மை. இரண்டு தெரிந்த சொற்களுக்கு நடுவில் ஒரு கருப்புக் கட்டம் இருந்தால் உள்ளே இருக்கும் சொல் எந்த எழுத்தில் தொடங்கும் என்று தெரிந்துவிடுமே! எதிரே பக்க எண், வரி எண் வேறு. ஸ்லேட் இதழ்க்காரர்கள் குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி உட்கார்ந்து, கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பி, மறைத்த பெயர்களில் பலவற்றைச் சில மணி நேரத்திலேயே கண்டுபிடித்து வெளியிட்டார்கள். புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்படிக் கண்டுபிடித்த பெயருக்கு ஒரு தனி மினுமினுப்பு வந்துவிடுகிறது பாருங்கள். மறைத்து வைத்ததைக் கண்டுபிடித்தோம் என்றதும் அதில் என்னமோ இருக்கிறது என்று மனசு தானே முடிவு கட்டிவிடுகிறது.

சரி, பால் குடித்தவர்கள். அதே பெண் சாட்சி, எப்ஸ்டீனின் பாம் பீச் வீட்டில் மைக்கேல் ஜாக்சனைச் சந்தித்ததாகச் சொல்கிறார். மசாஜ் செய்தீர்களா? இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிகிறது. இன்னோர் இடத்தில் விமானம். வானிலை சரியில்லை, நியூயார்க்கில் இறங்க முடியாது, அட்லாண்டிக் சிட்டியில் இறங்க வேண்டும் என்று விமானி சொல்ல, எப்ஸ்டீன், நல்லதாப் போச்சு, டிரம்புக்கு போன் போடலாம், காசினோவுக்குப் போகலாம் என்கிறார். டிரம்புக்கு மசாஜ் செய்தீர்களா என்ற கேள்விக்கும் பதில் இல்லை என்பதே. டிரம்ப் ஆதரவாளர்கள் இதை ‘பார், நிரபராதி’ என்று சுற்றினார்கள், எதிர்ப்பாளர்கள் ‘பார், பெயர் இருக்கிறது’ என்று சுற்றினார்கள், இரண்டு பேரும் சுற்றியது ஒரே பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். அந்தப் பக்கம் இரண்டையும் நிரூபிக்காது. அந்த ஒரு நாள் விமானம் எங்கே இறங்கியது என்று சொல்கிறது, அவ்வளவே.

மரத்தடியில் நின்றவர் என்று நான் சொல்வது மந்திரவாதி டேவிட் காப்பர்ஃபீல்ட் பற்றிய பகுதியை. எப்ஸ்டீன் வீட்டில் இரவு விருந்து, காப்பர்ஃபீல்ட் வந்திருந்தார், சில வித்தைகள் காட்டினார். பிறகு சாட்சியிடம், பெண்களைக் கூட்டிவர மற்றப் பெண்களுக்குப் பணம் தரப்படுவது உனக்குத் தெரியுமா என்று கேட்டாராம். அதற்குமேல் விவரம் எதுவும் அவர் சொல்லவில்லை என்கிறார் சாட்சி. இது குற்றச்சாட்டும் இல்லை, வெறும் பெயரும் இல்லை. ஒரு விருந்தாளிக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றும் அளவுக்கு அந்த வீட்டில் விஷயம் கசிந்திருந்தது என்றால், ஒரு புலனாய்வாளருக்கு அதுதான் பிடித்து இழுக்க வேண்டிய நூல். எனக்கு இந்தக் கட்டிலேயே மிக முக்கியமான வரிகளில் ஒன்றாகத் தோன்றுவது இதுதான். ஆனால் பட்டியலில் காப்பர்ஃபீல்டும் டிகாப்ரியோவும் அடுத்தடுத்த வரியில் வருவார்கள். ஒருவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை என்பது பட்டியலில் எங்கே தெரியும்?

நேரடியாகக் குற்றம் சொல்லப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அதை மழுப்ப வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அரச குடும்பத்து ஆண்ட்ரூ மீது ஜூஃப்ரே குற்றம் சாட்டினார், ஆண்ட்ரூ மறுத்தார், 2022-ல் தவறை ஒப்புக்கொள்ளாமல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார், 2025 அக்டோபரில் இளவரசர் பட்டமும் போவதாக அரண்மனை அறிவித்தது. மேக்ஸ்வெல்லுக்கு 2022 ஜூனில் 20 ஆண்டு சிறை. இந்தப் பக்கத்தில் இப்படி என்றால், வக்கீல் ஆலன் டெர்ஷோவிட்ஸ் விஷயம் வேறு மாதிரி. பல ஆண்டு இரு தரப்பும் மாறி மாறி வழக்குப் போட்டுக்கொண்டபின், ஆளை அடையாளம் சொன்னதில் தான் தவறு செய்திருக்கலாம் என்று 2022 நவம்பரில் ஜூஃப்ரேவே சொல்லி, வழக்குகள் கைவிடப்பட்டன. ஆனால் 2024-ல் திறந்த காகிதங்கள் 2015, 2016-ல் எழுதியவை. அவற்றில் பழைய குற்றச்சாட்டு அப்படியே இருக்கும். காகிதத்துக்கு 2022 தெரியாது, படிக்கிறவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஹாக்கிங். 2015 ஜனவரியில் எப்ஸ்டீன் மேக்ஸ்வெல்லுக்கு அனுப்பிய மின்னஞ்சல் அது. ஜூஃப்ரே சொல்வது பொய் என்று நிரூபிக்க உதவும் அவருடைய நண்பர்கள், உறவினர்கள் யாருக்காவது சன்மானம் தருவதாக நீ அறிவிக்கலாம் என்று யோசனை சொல்கிறார். எதையெல்லாம் பொய்யென்று உடைக்கலாம் என்பதற்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று கிளின்டன் விருந்து, இன்னொன்று வர்ஜின் தீவுகளில் ஹாக்கிங்கைச் சேர்த்துச் சொல்லும் ஓர் ஆபாசக் கதை. அதாவது ஹாக்கிங் பெயரை எழுதியது குற்றவாளி, எழுதியதன் நோக்கம் அது பொய் என்று காட்ட ஆள் தேடுவது. ஃபார்வர்டில் வந்தபோது, சன்மானமும் போய், பொய்யும் போய், எப்ஸ்டீனும் போய், ஹாக்கிங்கும் அந்த அசிங்கமான வார்த்தையும் மட்டும் மிஞ்சியது.

ஹாக்கிங்குக்கும் எப்ஸ்டீனுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2006 மார்ச்சில் செயின்ட் தாமஸ் தீவில் ஈர்ப்புவிசை பற்றி ஓர் இயற்பியல் மாநாடு, எப்ஸ்டீன் பணம், உலகின் பெரிய இயற்பியலாளர்கள் இருபது பேர் சுமாருக்குக் கூடினார்கள், ஹாக்கிங்கும் போனார், பக்கத்தில் எப்ஸ்டீனுக்குச் சொந்தமான தீவுக்குப் போன புகைப்படமும் இருக்கிறது. எப்ஸ்டீன் மீது முதல் குற்றச்சாட்டு பதிவானது அதே ஆண்டு ஜூலையில். விஞ்ஞானிகளுக்கு நன்கொடை தருகிறவர்களின் பூர்வீகத்தை விசாரிக்கும் பழக்கம் குறைவு, அது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி, கேட்கவும் வேண்டும். ஆனால் பெரியம்மாவின் ‘அவருமா?’ அந்தக் கேள்வி இல்லையே. 2018-லேயே இறந்துபோன மனிதர், மறுக்க ஆளில்லை.

ஆவணத்தில் பெயரே இல்லாதவர்களுக்கு நடந்தது இதைவிட மோசம். பட்டியல் வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்த ஜனவரி 2 அன்று, அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆரன் ராட்ஜர்ஸ் ஒரு விளையாட்டு நிகழ்ச்சியில், இது வெளிவரக்கூடாது என்று ஜிம்மி கிம்மல் உட்பட நிறையப் பேர் வேண்டிக்கொண்டிருப்பார்கள் என்கிற மாதிரி போட்டுவிட்டார். கிம்மல் பிரபல நகைச்சுவை நிகழ்ச்சித் தொகுப்பாளர். எப்ஸ்டீனை நான் பார்த்ததே இல்லை, இப்படிப் பேசுவது என் குடும்பத்தை ஆபத்தில் தள்ளுகிறது, தொடர்ந்தால் நீதிமன்றத்தில் பேசிக்கொள்வோம் என்று உடனே பதில் போட்டார். காகிதங்கள் வந்தன, கிம்மல் பெயர் இல்லை. ஆனால் எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்த பட்டியலில் இருந்தது! அந்தப் பட்டியல் ஆவணத்தைப் பார்த்துச் செய்யப்படவே இல்லை, ஆவணம் வருவதற்கு முன்பே தயாராகிக் கிடந்த சரக்கு.

இன்னொரு பக்கம் டோ 107. வெளிநாட்டில் வாழும் ஒரு பெண். நான் வாழும் நாடு ஆசாரமான நாடு, பெயர் வெளியே வந்தால் உயிருக்கே ஆபத்து என்று நீதிமன்றத்துக்கு எழுதி, ஆதாரம் தர அவகாசம் கேட்டார். ஜனவரி 22 வரை நேரம் கொடுத்தார் பிரெஸ்கா. ஹாலிவுட் பெயர்களை எண்ணிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் இந்த எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசாததே அவருக்கு நல்லது.

பிரெஸ்கா முறைக்கு நேர் எதிரான ஒன்றை 2026-ல் பார்த்தோம். 2025 ஜூலையில் அமெரிக்க நீதித்துறையும் (நீதிமன்றம் இல்லை, அரசின் இலாகா) எஃப்பிஐயும் சேர்ந்து, எப்ஸ்டீனின் வாடிக்கையாளர் பட்டியல் என்று ஒன்று எங்களிடம் இல்லை என்று குறிப்பு வெளியிட்டன. யாரும் நம்பவில்லை. நவம்பரில் நாடாளுமன்றக் கீழவை 427-க்கு 1 என்று ஒரு சட்டம் போட்டது, 19-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்திட்டார். எப்ஸ்டீன் பற்றிய விசாரணைக் கோப்புகளை வெளியிடு, ஒருவருக்குச் சங்கடம், மானக்கேடு, அரசியல் சிக்கல் என்ற காரணத்துக்காக எதையும் மறைக்காதே என்பது சாரம். இந்தத் தடை சரியானதுதான், பெரிய மனிதர்களைக் காப்பாற்றக் கருப்பு மை பூசப்பட்ட கதைகள் நிறைய. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: கோப்புகளில் பெயர் வரும் அல்லது குறிப்பிடப்படும் அரசு அதிகாரிகள், அரசியல் செல்வாக்குள்ளவர்கள் எல்லோரையும் பட்டியல் போட்டு நாடாளுமன்றத்திடம் கொடு. எந்த வகையில் குறிப்பிடப்பட்டார்கள் என்பது கேட்கப்படவில்லை. வாட்ஸ்அப் பட்டியலைச் சட்டமே போடச் சொன்ன மாதிரி ஆயிற்று.

2026 ஜனவரி 30 அன்று 30 லட்சம் பக்கங்களுக்கு மேல் ஒரே கொட்டு. பொதுமக்கள் எஃப்பிஐக்கு அனுப்பிய துப்பு, மொட்டைக் கடிதம் மாதிரியானவையும் அதில் உண்டு, போலியானவையும் இருக்கலாம் என்று நீதித்துறையே சொன்னது. இந்தியாவுக்கும் ஒரு துண்டு விழுந்தது. பிரதமர் மோடியின் 2017 இஸ்ரேல் பயணத்தைப் பற்றி எப்ஸ்டீன் எழுதிய ஒரு மின்னஞ்சல். பயணம் நடந்தது என்பதைத் தவிர மற்றதெல்லாம் தண்டனை பெற்ற ஒரு குற்றவாளியின் குப்பைப் புலம்பல் என்று வெளியுறவு அமைச்சகம் தள்ளிவிட்டது. மோடியைப் பிடிக்கும் என்பவர்கள் அதோடு விட்டார்கள், பிடிக்காதவர்கள் விடவில்லை. மேலே சொன்ன போன் பீற்றலை ஞாபகம் வைத்துக்கொண்டு அந்த மின்னஞ்சலைப் படியுங்கள் என்று மட்டும் சொல்வேன். அந்த ஆள் எழுதினான் என்பது உறுதி, எழுதியது நடந்ததா என்பதற்கு வேறு காகிதம் வேண்டும். இது எந்தக் கட்சிக்காரர் பெயருக்கும் பொருந்தும்.

அதே கொட்டில்தான் பாதிக்கப்பட்ட பெண்கள் சிலரின் பெயர்கள் மறைக்கப்படாமல் வெளியே போய், அவர்களின் வக்கீல்கள் கூச்சல் போட்டபின் ஆயிரக்கணக்கான ஆவணங்களை நீதித்துறை திரும்ப இறக்க வேண்டி வந்தது. பிரெஸ்கா எண் எண்ணாகப் பார்த்ததன் அருமை அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருடக்கணக்கில் இழுக்கிறாரே என்று திட்டியவர்களில் நானும் உண்டு.

பிப்ரவரி நடுவில் சட்டப்படியான பட்டியல் நாடாளுமன்றத்துக்குப் போனது. சுமார் 300 பெயர். சிறுமிகளைச் சீரழித்துச் சிறையில் இருக்கும் மருத்துவர் லாரி நாசரும் அதில், பாடகி ஜானிஸ் ஜோப்ளினும் அதில். ஜோப்ளின் இறந்தது 1970 அக்டோபரில், எப்ஸ்டீனுக்கு அப்போது வயது 17. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ரோ கன்னாவே, யார் வேட்டையாடியவர், யார் பெயர் மின்னஞ்சலில் சும்மா வந்தது என்று பிரிக்காமல் வேண்டுமென்றே குட்டையைக் குழப்புகிறார்கள் என்று கோபப்பட்டார். கோபம் நியாயம், ஆனால் ‘குறிப்பிடப்படும் எல்லோரையும்’ என்று எழுதியது அவர்களுடைய சட்டம்தானே.

அந்தப் பட்டியலும் எங்கள் குழுவுக்கு வந்தது, அதே சித்தப்பா மகன். பெரியம்மா மேலிருந்து கீழே எல்லாவற்றையும் படித்திருக்கிறார் போல, “யாருடா இந்த ஜானிஸ்?” என்று கேட்டார். பாட்டுக்காரம்மா, 1970-லயே செத்துட்டாங்க என்றேன். “அப்புறம் எதுக்கு லிஸ்ட்ல இருக்கு?” என்றார். பக்கம், வரி, சொல்லடைவு, டோ என்றெல்லாம் விளக்கி நீளமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதற்குள் யாரோ ரோஜாப்பூ போட்டு இனிய காலை வணக்கம் அனுப்பிவிட்டார்கள்.